பஸ் போர்டைப் பார்ப்பது போல வெப்சைட்டைப் பார்ப்பது

"கொஞ்சம் எங்க வெப்சைட்டைப் பாத்துச் சொல்லு தம்பி" என்று லிங்க் அனுப்புகிறவர்கள் எனக்கு நிறையப் பேர் உண்டு. நான் இருப்பது தேனி மாவட்டம் கம்பத்தில். மலையேறினால் கேரள எல்லையில் குமுளி. ஏலக்காய்க் கடை, ஹோம்ஸ்டே, ஜீப் சவாரி, திராட்சைத் தோட்டம் என்று இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் தொழில்கள், அதில் பலரிடம் சொந்தமாக ஒரு வெப்சைட் இருக்கிறது. ஆர்டர்தான் வருவதில்லை. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "டிசைன் பழசாயிடுச்சுப்பா." உடனே புதுக் கலர், புதுப் படம், மறுபடியும் செலவு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நிலைமை மாறியிருக்காது.

வெப்சைட்டை 'ரிவ்யூ' செய்வது என்ற சொல்லை ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் சொல்கிறார்கள். அழகாக இருக்கிறதா என்று கருத்துச் சொல்வது என்கிறார் ஒருவர். எழுத்துப்பிழை பார்ப்பது என்கிறார் இன்னொருவர். கூகுளில் முதலில் வரவைப்பது என்று நினைக்கிறவர்களும் உண்டு. இவை மூன்றும் தேவையான வேலைகள்தான், ஆனால் வேறு வேலைகள். ஒரு கடைக்கு முதலில் வேண்டிய மதிப்பாய்வு இரண்டே கேள்விகளைக் கேட்கும். இந்தப் பக்கம் புரிகிறதா? யாருக்குப் புரிய வேண்டுமோ அவருக்குப் புரிகிறதா? இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. அதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் குமுளி எல்லைதான்.

## தெளிவு வேறு, பொருத்தம் வேறு

சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு பஸ்கள் நிற்கும். அந்தப் பக்கம் கேரள பஸ் ஸ்டாண்ட். மழை பெய்கிற சாயங்காலம், கையில் பையோடு ஒருவர் தேனிக்குப் போக ஓடி வருகிறார் என்று வையுங்கள். பஸ்ஸின் கலரை அவர் பார்ப்பதில்லை. முன்கண்ணாடிக்கு மேலே 'தேனி' என்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். எழுத்து மங்கியிருந்தாலோ, போர்டில் பாதியை விளம்பரம் மறைத்திருந்தாலோ, படிக்கத் தெரிந்தவராலும் படிக்க முடியாது. இது தெளிவு இல்லாத நிலை.

அவரே கோட்டயம் போக வேண்டுமானால் கேரள பஸ்ஸைத் தேட வேண்டும். போர்டு பளிச்சென்று இருக்கிறது, எழுத்து பெரியது, விளக்கும் எரிகிறது. ஆனால் மலையாளத்தில் இருக்கிறது. அவருக்கு அது படிக்கத் தெரியாது. இங்கே தெளிவில் ஒரு குறையும் இல்லை. பொருத்தம் இல்லை. பொருத்தம் என்றால், சொல்கிற விஷயமும் சொல்கிற சொல்லும் அதைப் படிக்கப் போகிறவருக்கு ஏற்றதாக இருப்பது.

பஸ் போர்டு சரியில்லையென்றால் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். வெப்சைட்டில் கண்டக்டர் கிடையாது. புரியாதவர் யாரிடமும் கேட்க மாட்டார், பின்பக்கம் போகிற அம்புக்குறியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் வந்ததும் தெரியாது, போனதும் கடைக்காரருக்குத் தெரியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: தெளிவு என்பது போர்டைப் படிக்க முடிகிறதா என்பது. பொருத்தம் என்பது, நிற்கிற பயணிக்கு அது எழுதப்பட்டிருக்கிறதா என்பது. பஸ்ஸின் பெயிண்ட் இந்த இரண்டிலும் வராது.

## சொந்தக்காரர் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை

மார்கழியில் விடியற்காலை கோயில் மைக்கில் கேட்ட ஒரு பாட்டை மனதில் ஓடவிட்டு, அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டுங்கள். பாட்டு உங்களுக்குள் முழுதாகக் கேட்கும், குரல், மேளம், நாதஸ்வரம் எல்லாம். எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் 'டொக் டொக்'.

1990-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி இதையே சோதனையாகச் செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைத்தான் தட்டச் சொன்னார். பாதிப் பாட்டையாவது எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3.

தெரிந்த ஒன்றைத் தெரியாதவர் இடத்தில் நின்று பார்க்க முடியாமல் போகிற இந்த நிலையை 'அறிவின் சாபம்' என்பார்கள். கெட்டிக்காரத்தனம் குறைவதால் வருவதல்ல. தொழிலில் எவ்வளவு ஊறியிருக்கிறோமோ அவ்வளவு பலமாகப் பிடிக்கும். ஏலக்காய்க் கடைக்காரர் '8 எம்எம்' என்று எழுதும்போது அவர் மனதில் கொழுத்த, பச்சை மாறாத காய்கள் உருள்கின்றன. மதுரையில் ரவா கேசரி கிண்டப் போகிறவருக்கு அது ஒரு 'டொக்' சத்தம்.

அதனால்தான் சொந்தக்காரரோ, அதைக் கட்டிக்கொடுத்த டிசைனரோ செய்கிற மதிப்பாய்வு போதாது. மூன்று மாதம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் பாட்டு உள்ளே ஓட ஆரம்பித்திருக்கும்.

## ஒரு மதியம், ஒரு கடை

குமுளியில் தெரிந்த ஒரு அண்ணன் கடை. மசாலாப் பொருள்தான், ஏலக்காய் முக்கியம். அவருடைய வெப்சைட்டை போனில் திறந்தால், முழுத் திரைக்கும் பனி மூடிய மலைப் படம். அதன் மேல் 'நறுமணத்தின் சங்கமம்'. கீழே மெனுவில் 'எங்கள் பயணம்', 'எங்கள் நோக்கு', 'தயாரிப்புகள்', 'தொகுப்பு', 'தொடர்பு'.

கடைக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தேக்கடியில் படகு ஏறிவிட்டு வந்தவர்கள். அந்த அக்காவிடம் போனைக் கொடுத்தேன். "அக்கா, நீங்க வீட்டுக்குப் போயாச்சு, இங்க வாங்கின ஏலக்காய் தீர்ந்துபோச்சுன்னு வச்சுக்கோங்க. இதுல கால் கிலோ வாங்கிப் பாருங்க." அவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

மலைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "இது லாட்ஜா தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் 'தொகுப்பு' என்பதைத் தொட்டார், பரிசுப் பொட்டலம் மாதிரி ஏதோ இருக்கும் என்று. வந்தது போட்டோ ஆல்பம். திரும்பி வந்து 'தயாரிப்புகள்' போனார். அங்கே 'ஏ.ஜி.இ.பி 8 எம்எம்', 'ஏ.ஜி.பி 7 எம்எம்' என்று வரிசை. விலை இல்லை. "எட்டு எம்எம்னா எட்டு கிராமா?"

அண்ணன் பொறுக்க முடியாமல், "இல்லம்மா, அது காயோட பருமன்" என்று விளக்க வாயெடுத்தார். கையைத் தொட்டு நிறுத்தினேன். அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமானது. மதுரை வீட்டில் அந்த அக்கா இதே கேள்வியைக் கேட்கும்போது அண்ணன் அங்கே இருக்க மாட்டார்.

கடைசியாக 'தொடர்பு' போனார். வாட்ஸ்அப் எண் இருந்தது, ஆனால் விசிட்டிங் கார்டை அப்படியே படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். தொட்டால் போன் கால் போகாது. "பேப்பர் இருக்கா, எழுதிக்கிறேன்" என்றார் அந்த அக்கா. நான்கு நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த நான்கு நிமிடத்தில் அண்ணன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். "நாலு வருஷமா இப்படித்தான் இருந்திருக்கு" என்றார்.

இதற்குப் பெயர் பயன்பாட்டுச் சோதனை. நிஜமான ஒரு வேலையைக் கொடுத்து, உதவாமல், பக்கத்தில் இருந்து பார்ப்பது. "நல்லா இருக்கா?" என்று கேட்டிருந்தால் அந்த அக்கா மரியாதைக்கு "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் சொல்லியிருப்பார். கருத்துக் கேட்பது வேறு, கையைப் பார்ப்பது வேறு.

## மனிதர்கள் பக்கத்தை எப்படிப் பார்க்கிறார்கள்

அந்த அக்கா ஏன் 'தொகுப்பு' என்பதைத் தொட்டார்? இங்கேதான் உள்ளே நடக்கிற விஷயம் இருக்கிறது.

இணையத்தில் யாரும் புத்தகம் படிப்பது போல வரிசையாகப் படிப்பதில்லை. ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் 1997-ல் வெளியிட்ட முடிவுப்படி, சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேர் புதுப் பக்கம் எதையும் கண்ணால் மேய்ந்துதான் பார்த்தார்கள். வார்த்தை வார்த்தையாகப் படித்தவர்கள் 16 சதவீதம். அப்போது பெரிய கம்ப்யூட்டர் திரை. இன்று கையகல போனில், பஸ்ஸில் நின்றுகொண்டே பார்க்கிறார்கள்.

மேய்கிறவர் எதைத் தேடுகிறார்? சந்துக்குள் நுழைந்ததும் எந்த வீட்டில் பலாப்பழம் அறுக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும். பழம் கண்ணில் படவில்லை, ஆனாலும் கால் அந்தப் பக்கம் போகும். வாசம் கூடினால் சரியான வழி, குறைந்தால் திரும்பிவிடுவோம். தகவலையும் மனிதர்கள் இப்படித்தான் தேடுகிறார்கள் என்று ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990-களில் விளக்கினார்கள். விலங்குகள் இரை தேடுகிற முறையோடு அதை ஒப்பிட்டார்கள். ஒரு பட்டனோ தலைப்போ, "உள்ளே போனால் நீ தேடுவது கிடைக்கும்" என்று கொடுக்கிற குறிப்புக்குத் தகவல் வாசனை என்று பெயர்.

'தயாரிப்புகள்' என்ற சொல்லில் வாசனை கம்மி. ஏலக்காய் தோட்டத்தில் விளைவது, அதை யாரும் 'தயாரிப்பு' என்று நினைப்பதில்லை. 'எங்கள் நோக்கு' என்பதில் வாங்க வந்தவருக்கு எதுவுமே இல்லை. 'ஏலக்காய் விலை' என்று ஒரு பட்டன் இருந்தால் அதன் வாசம் சந்து முழுக்க அடிக்கும்.

ஆக, வந்தவர் படிப்பதில்லை, மோப்பம் பிடிக்கிறார். சொல் தெரிந்ததாக இருந்தால் தொடர்வார், தெரியாததாக இருந்தால் திரும்புவார். அழகான படம் வாசனையை மூடிவிடவும் செய்யும். மலைப் படம் அந்த அக்காவை லாட்ஜ் என்று நினைக்க வைத்தது போல.

## யாருக்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன், ஏனென்றால் இதைச் சரியாக முடிவு செய்தால் மற்றதில் பாதி தானாகச் சரியாகும்.

அதே ஏலக்காய்க் கடையை எடுத்துக்கொள்வோம். வாசலில் வருகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. தேக்கடிக்கு வந்த சுற்றுலாக் குடும்பம் நூறு கிராம், இருநூற்றைம்பது கிராம் வாங்கும். கார்த்திகையிலிருந்து தை வரை சபரிமலைக்குப் போய்வருகிற ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாக வருவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் காதில் விழும். போடியிலிருந்து வியாபாரிகள் வருவார்கள். அவர்களுக்குக் காயின் பருமன், நிறம், லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் காய் பிடிக்கிறது என்பதுதான் பேச்சு. ஏ.ஜி.இ.பி என்பது ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட், பருத்த பச்சைக் காயின் தரப் பெயர். அந்த உலகத்தின் சொல் அது. அங்கே அது மிகத் தெளிவான சொல்லும்கூட.

அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, போடி வியாபாரி உங்க வெப்சைட்டைப் பாத்து வாங்குவாரா?" சிரித்தார். அவர்கள் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் இங்கே போடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் உட்கார்ந்து வாங்குகிறவர்கள். இல்லையென்றால் ஒரு போன். சரி, கடை வாசலில் நிற்கிற சுற்றுலாக்காரர்? அவருக்கு வெப்சைட் எதற்கு, காய் கண்ணெதிரே இருக்கிறது. வெப்சைட் உண்மையில் யாருக்கு வேண்டும் என்றால், ஒரு முறை வந்து வாங்கிவிட்டு ஊர் திரும்பி, பொட்டலம் தீர்ந்த பிறகு மறுபடி வேண்டும் என்று நினைக்கிறவருக்கு. அந்த ஒருவருக்குத்தான் அது எழுதப்படவே இல்லை. தினமும் வியாபாரிகளோடு பேசிப் பழகிய வாய் வியாபாரிகளின் சொல்லையே எழுதியிருந்தது.

அந்த ஒருவரைப் பற்றி ஒரு காகிதத்தில் இரண்டு மூன்று வரி எழுதினோம். 'மதுரை, திண்டுக்கல், சென்னைப் பக்கம் இருப்பவர். கடைக்கு ஒரு தடவை வந்தவர். வீட்டுச் சமையலுக்குக் கால் கிலோவுக்குள் வாங்குவார். பாயசத்துக்கும் டீக்கும் எது நல்லது, இன்று என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று தெரிய வேண்டும்.' இதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தைப் பார்த்தால், எது இருக்க வேண்டும், எதை எடுக்கலாம் என்பதில் சண்டையே வராது. ஏ.ஜி.இ.பி என்று எழுதக் கூடாதா? எழுதலாம், இரண்டாவதாக. முதலில் 'பெரிய பச்சை ஏலக்காய், இனிப்புக்கும் விருந்துக்கும்' என்று இருக்கட்டும்.

எல்லைப் பகுதியில் மொழியையும் இங்கேயே யோசிக்க வேண்டும். பேசுகிற பாஷையும் படிக்கிற எழுத்தும் இங்கே எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பீருமேடு பக்கம் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கமும் இப்படித்தான்: பேச்சு தமிழ், படிப்பு தெலுங்கு. "தமிழ்க்காரங்கதானே வர்றாங்க, தமிழ்லயே போடு" என்பது சில கடைக்குச் சரி, சில கடைக்குத் தப்பு. வருகிறவர் எந்த எழுத்தில் வாட்ஸ்அப் அனுப்புகிறார் என்று பாருங்கள், அதுவே பதில். பலர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள். அவர்களுக்குப் பொருள் பெயரும் விலையும் இரண்டு எழுத்திலும் இருந்தால் போதும்.

## நீங்களே செய்து பார்க்க

முதல் திரையை மட்டும் ஒருவருக்கு ஐந்து விநாடி காட்டி, போனைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். என்ன விற்கிறார்கள், யாருக்கு, அடுத்து எதைத் தொடலாம் என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் வரவில்லையென்றாலும் தலைப்பை மாற்ற வேண்டும். 'நறுமணத்தின் சங்கமம்' இருந்த இடத்தில் 'குமுளி ஏலக்காய், மிளகு — உங்கள் வீட்டுக்குப் பார்சலில்' என்று போட்டோம். கவிதை போய்விட்டது என்று அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்த வரியைக் கடைப் பொட்டலத்தின் மேல் அச்சடிக்கச் சொன்னேன், அங்கே அது அழகாக இருக்கிறது.

பிறகு, அந்த அக்காவுக்குக் கொடுத்தது போல ஒரு வேலை கொடுங்கள். உதவாதீர்கள். இது கஷ்டம், வாய் தானாக வரும். எங்கே தயங்குகிறார், எந்தச் சொல்லைப் பார்த்து என்ன கேட்கிறார் என்பதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பேரிடம் செய்ய வேண்டும்? ஐந்து பேரே பெரும்பாலான சிக்கல்களை, சுமார் 85 சதவீதத்தை, காட்டிவிடுவார்கள் என்று நீல்சன் 2000-ல் எழுதினார். வாடிக்கையாளர்கள் இரண்டு வேறு வகை என்றால், வகைக்கு மூன்று நான்கு பேர். ஆள் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். சொந்தக்காரரின் மச்சானை உட்கார வைத்தால் அவருக்கும் எட்டு எம்எம் தெரிந்திருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம், சீக்கிரமே சொல்லிவிடலாம். ஒன்று, முக்கியமான சொற்களைப் படத்துக்குள் எழுதாதீர்கள். விலைப்பட்டியல், முகவரி, போன் எண் எல்லாம் யூனிகோடில் அடிக்கப்பட்ட நிஜ எழுத்தாக இருக்கட்டும். யூனிகோடு என்பது எல்லாப் போனும் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி புரிந்துகொள்கிற பொது எழுத்து முறை. எழுத்தாக இருந்தால்தான் தேடுபொறி ஒழுங்காகப் படிக்கும், பார்வையற்றவரின் போன் வாசித்துக் காட்டும், எண்ணைத் தொட்டால் போன் கால் போகும்.

இரண்டாவது விலை. ஏலக்காய் விலை மாறுகிறது, அதனால் போடவில்லை என்பார்கள். மாறுவது உண்மைதான். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது, இந்தப் பகுதியில் யாரும் மறக்காத நாள். அதற்காக விலையே இல்லாத பக்கத்தைப் பார்க்கிறவர், நிச்சயம் கூடுதலாக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்வார். தேதி போட்டு எழுதினால் போதும்: 'இந்தத் தேதி விலை, ஆர்டருக்கு முன் வாட்ஸ்அப்பில் உறுதி செய்துகொள்ளுங்கள்.' ஆனால் தேதி போட்டால் வாரம் ஒரு முறையாவது மாற்ற வேண்டும். அதை யார் மாற்றுவார் என்று கடையில் ஒருவர் பெயரைச் சொல்லி முடிவு செய்யாமல் அந்த வரியைச் சேர்க்காதீர்கள்.

அண்ணன் கடையில் அந்தப் பொறுப்பு இப்போது அவர் மகளுடையது. திங்கட்கிழமை காலை ஏல விலையைப் பார்த்துவிட்டு, பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் போனிலேயே மாற்றிவிடுகிறாள். கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் இன்னும் மூன்று பேரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அதில் ஒருவராவது தெலுங்கு படிக்கிறவராக இருக்க வேண்டும்.